கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலம் செபராங் பிறையில் பூச்சிமருந்துக் கடை நடத்தும் அண்ணன்மாருக்கும், அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் சுங்கை பக்காப் பக்கத்தில் முக்கால் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பயற்றங்காயும் மிளகாயும் வெண்டைக்காயும் போடுகிறவள். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்த மடலை விவசாய இலாகாவுக்கு எழுதலாமே என்று என் மகன் கேட்டான். எழுதலாம்தான். ஆனால் செடியில் சாறு உறிஞ்சுகிற பேன் ஏறிய அன்று காலையில் நான் இலாகாவுக்குப் போவதில்லை. கொழுந்தைக் கிள்ளி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு உங்கள் கடைக்குத்தான் வருகிறேன். இங்கே எல்லாரும் அப்படித்தான். இந்த வட்டாரத்தில் பயிருக்கு வைத்தியம் சொல்பவர்கள் நீங்கள்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

போன வருடம் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. பயற்றங்காய் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த நேரம். காலையில் பறிக்கப் போனால், கொம்பில் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. எறும்பு அப்படி ஏறினால் மேலே என்ன இருக்கும் என்று தெரியும். கொழுந்தைத் திருப்பிப் பார்த்தேன். மசியைத் தடவின மாதிரி கறுப்பாக அப்பிக் கிடந்தது. நாம் பேன் என்கிறோம், மலாய்க்காரர்கள் கூத்து டாவுன் என்கிறார்கள், தமிழ்நாட்டு விவசாயப் புத்தகங்களில் அசுவினி. பூக்காம்பிலும் இருந்தது, பிஞ்சிலும் இருந்தது. தொட்ட விரல் பிசுபிசுத்தது.

ஒரு கடைக்குப் போனேன். எந்தக் கடை என்பது வேண்டாம். வேறு எங்கே போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். ஒரு தம்பி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பேனா? இது ரெண்டையும் கலந்து அடிங்க அக்கா, மூணு நாள்ல சுத்தமாயிடும்" என்று இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். ஒன்று சைபர்மெத்ரின், இன்னொன்று இமிடாகுளோபிரிட். காசு கொடுத்தேன், வாங்கினேன். எப்போது காய் பறிக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று மாலையே அடித்தேன். தம்பி சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் கொழுந்து சுத்தமாக இருந்தது. அன்று காலை பறித்த 20 கிலோவை வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்தேன். இரவு என் மகன் அந்த லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்து, பெரிதாக்கிப் படித்தான். கடைசியாக மருந்தடித்ததற்கும் அறுவடைக்கும் நடுவில் விட வேண்டிய நாள் ஒன்றில் 7, இன்னொன்றில் 14.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பயற்றங்காயை மலாய்க்காரக் குடும்பங்களில் உலாம் என்று பச்சையாகவே சம்பாலில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நம் பக்கம் தண்ணீர்ப் பந்தல்களுக்கும் அன்னதானத்துக்கும் காய் வாங்கிக் குவிக்கிற நேரம். என் 20 கிலோ யார் வீட்டுக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த இரண்டு வாரம் பறித்த காயை எல்லாம் கொல்லையில் குழி வெட்டிப் போட்டேன். பறிக்காமல் விட்டால் காய் முற்றி, கொடி பூ வைப்பதை நிறுத்திவிடும். பறிக்கவும் வேண்டும், விற்கவும் கூடாது.

நான் உங்களிடம் கேட்க வந்தது இதைத்தான். பயற்றங்காய் விதைத்து 45 நாள் சுமாருக்குக் காய்ப்புக்கு வரும். அப்புறம் ஒரு மாதம் போல ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு. வெண்டைக்காயும் அப்படித்தான், வெள்ளரியும் அப்படித்தான். இப்படித் தொடர்ந்து பறிக்கிற பயிருக்கு 7 நாள், 14 நாள் காத்திருப்பு உள்ள மருந்து காய்ப்புக் காலத்தில் பொருந்தவே பொருந்தாது. இதற்குப் படிப்பு வேண்டாம், விரல் விட்டு எண்ணினால் போதும். பாட்டிலை எடுப்பதற்கு முன்னால் "பறிப்பு ஆரம்பிச்சாச்சா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் அந்த மருந்தைக் கொடுக்காதீர்கள். நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் எடுத்துத்தான் நீங்கள் விற்கிறீர்கள். லேபிளுக்கு மாறாகப் பயன்படுத்துவது அந்தச் சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு போகும் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, பேனாவது ஒழிந்ததா? பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்துவிட்டது. முன்பு நாலு வரிசையில் இருந்தது, இப்போது பத்து வரிசையில். கூடவே இலை அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் வேறு. அது அதற்கு முன் என் கொல்லையில் அவ்வளவு வந்ததே இல்லை.

ஏன் என்று பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். நம் ஊர் வெயிலில் இந்தப் பேனுக்கு ஆண் வேண்டாம், முட்டை வேண்டாம். பெண் பேன் நேராகக் குஞ்சு போடும், அதுவும் பெண்ணாகவே இருக்கும். பிறக்கிற குஞ்சின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். ஒரு வாரத்தில் அது வளர்ந்து தானும் நாளுக்கு நாலைந்து குஞ்சு போட ஆரம்பிக்கும். ஆக, மருந்து படாமல் இலைமடிப்பில் பத்துப் பேன் தப்பினாலும் இரண்டு வாரத்தில் கொடி பழையபடி கறுத்துவிடும். அதைத் தின்று கட்டுப்படுத்துகிற பூச்சிகளுக்கு இந்த வேகம் கிடையாது. அவை முட்டையிட்டு, பொரித்து, வளர்ந்து வர நாளாகும். நான் அடித்த கலவை அவற்றைத்தான் முதலில் வாரிக்கொண்டு போனது. சிலந்திப்பேனுக்கும் அதே கதைதான். அதைத் தின்பவை செத்தன, அது பெருகியது.

பொறிவண்டை எல்லாருக்கும் தெரியும், அதன் குஞ்சைத்தான் தெரியாது. அரிசி நீளத்துக்கு, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். பறக்காது. பேன் கூட்டத்துக்குள் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். அது வண்டாவதற்குள் நூற்றுக்கணக்கில் தின்று முடித்துவிடும். இதைப் புதுப் பூச்சி என்று நினைத்து நான் எத்தனை வருடம் கையால் நசுக்கியிருக்கிறேன்! உங்கள் கடைக்கு இதைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மருந்து கேட்பவர்களும் இருப்பார்கள். தயவுசெய்து திருப்பிக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். கால் இல்லாமல் பச்சையாக ஊர்கிற ஒரு புழுவும் உண்டு, அது பூ ஈயின் குஞ்சு, அதுவும் பேன் தின்னும். இன்னொன்று, பேன்களுக்கு நடுவில் சில மட்டும் உப்பி, பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு சின்னக் குளவியின் குஞ்சு இருக்கிறது. அப்படி உப்பியவை நிறையத் தென்பட்டால் மருந்து வாங்காமல் ஒரு வாரம் பொறுக்கலாம்.

இப்போது வேப்பங்கொட்டை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. கடைகளில் "அதெல்லாம் வேலைக்கு ஆகாது அக்கா" என்கிறார்கள். வாட்ஸாப்பில் அதுவே எல்லா நோய்க்கும் மருந்து என்கிறார்கள்.

எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் விழும் பழத்தைப் பொறுக்கி, சதையைத் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமான நிழலில் காய வைக்கிறேன். நம் ஊர் ஈரத்தில் இதுதான் கஷ்டமான வேலை. கொட்டையில் பூஞ்சணம் பிடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஓட்டை நீக்கி, பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் ஊற வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் என்பார்கள், 100 லிட்டருக்கு 5 கிலோ. என் முதுகுப் பம்பு 16 லிட்டர் கொள்ளும், அதற்கு 800 கிராம். துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் தண்ணீர் பால் கலந்த தேத்தண்ணி நிறத்துக்கு வரும்வரை பிழிவேன். கடைசியில் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டால்தான் இலையில் ஒட்டும். அன்றே அடித்து முடித்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் வீரியம் போய்விடும்.

அடிப்பது மாலை ஐந்து மணிக்கு மேல். வேம்பில் உள்ள அசாடிராக்டின் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். காலை பத்து மணிக்கு அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் அப்படிச் சொன்னவள்தான். இன்னொரு காரணமும் உண்டு. இது அடித்தவுடன் கொல்கிற மருந்து இல்லை. பேனைச் சரியாகத் தின்ன விடாது, குஞ்சைத் தோலுரித்து வளர விடாது. பலன் தெரிய ஐந்தாறு நாள் ஆகும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்து, பேன் உயிரோடு நடக்கிறதே என்று கடைக்கு ஓடி வந்து கடுமையான பாட்டிலை வாங்குகிறார்கள். நீங்கள் விற்கும்போதே, "ஒரு வாரம் பொறுங்க, ஆறாம் நாள் இன்னொரு தடவை அடிங்க" என்று சொல்லி அனுப்பினால் அந்த ஓட்டம் நிற்கும்.

சோப்புத் தண்ணீரும் அப்படித்தான், சாதாரணமாக நினைக்கிறோம். லிட்டருக்கு 5 மில்லி திரவ சோப், 16 லிட்டர் பம்புக்கு 80 மில்லி. பேன் மேல் நேராகப் பட்டால்தான் சாகும், காய்ந்த பிறகு இலையில் இருக்கும் சோப்பு ஒன்றும் செய்யாது. அதனால் முனையைத் திருப்பி இலையின் அடியிலும் கொழுந்திலும் நனைய அடிக்க வேண்டும். அதிகமாக ஊற்றினாலோ உச்சி வெயிலில் அடித்தாலோ இலை கருகும், முதலில் இரண்டு கொடியில் அடித்து ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்கு. காய்ப்புக் காலத்தில் நான் இப்போது இதைத்தான் நம்பியிருக்கிறேன். காயைத் தண்ணீரில் அலசிக் கட்டினால் போதும்.

ஆனால் செடியிலிருந்து எடுத்தது எல்லாம் சாது என்று யாரும் சொல்ல வேண்டாம். புகையிலையை ஊற வைத்து அடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது நிகோடின், தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம். புகையிலையில் இருக்கும் மொசைக் நோய் மிளகாய்க்கும் தொற்றக்கூடும். வேப்பெண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில், குடிக்க வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட நம் இனக் குழந்தைகள் ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு வந்ததை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டி வைத்தியம் என்று கொடுத்ததுதான். அதனால் வேப்பெண்ணெய்ப் பாட்டிலைச் சமையல் எண்ணெய் பக்கத்திலோ தேன் பக்கத்திலோ அடுக்காதீர்கள், அதையும் பூச்சிமருந்தாகவே நடத்துங்கள். இன்னொரு குறை, நான் வாங்கிய சில வேப்பெண்ணெய்ப் பாட்டில்களில் அசாடிராக்டின் எவ்வளவு என்றே போட்டிருக்கவில்லை. இந்தியாவில் 300, 1500, 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அச்சடித்து விற்கிறார்கள். அளவு போடாத பாட்டிலை வைத்து லிட்டருக்கு எத்தனை மில்லி என்று எப்படிச் சொல்வீர்கள்? உங்களுக்குச் சரக்குப் போடுகிற கம்பெனிக்காரர்களிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டால் காதில் விழாது, நீங்கள் கேட்டால் விழும்.

மிளகாய் வேறு கணக்கு. இலை சுருண்டு, நரம்பில் பச்சை திட்டுத்திட்டாகத் தெரிகிற செடியைக் கொண்டுவந்து காட்டினால், அது பேன் கொண்டுவந்து விட்ட வைரஸ். சிறகு முளைத்த பேன் எங்கிருந்தோ பறந்து வந்து இலையில் உட்கார்ந்து, இது நமக்கு ஆகுமா என்று ஊசி மாதிரி வாயால் ஒரு குத்துக் குத்திப் பார்க்கும். அந்தச் சில நொடியிலேயே நோய் ஏறிவிடும். செடிக்குள் ஊடுருவுகிற எந்த மருந்து அடித்திருந்தாலும் பேன் சாவது அதற்குப் பிறகுதான். தொற்றிய செடிக்கு மருந்தே கிடையாது. இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். "அந்தச் செடியைப் பிடுங்கிப் போடுங்க, நாற்றங்காலுக்கு வலை கட்டுங்க, பாத்தியில் வெள்ளிநிற பிளாஸ்டிக் விரிங்க, சுற்றிலும் ரெண்டு வரிசை சோளம் போடுங்க" என்று சொல்லி அனுப்பினால் உங்களுக்கு அன்று ஒரு பாட்டில் வியாபாரம் போகும். பிளாஸ்டிக் விரிப்பும் வலையும் நீங்களே விற்கிறீர்கள், அது வியாபாரம் இல்லையா?

சோளத்தில் பேன் வந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம். கதிர் நன்றாக இருக்கும், பொறிவண்டும் அங்கேதான் பெருகும்.

நான் மருந்தே கூடாது என்று சொல்கிறவள் இல்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல காலமாக இரசாயனமில்லாத விவசாயத்தைச் சொல்லி வருகிறது, அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குத்தகை கட்ட வேண்டிய மாதத்தில், இரண்டு இலை விட்ட நாற்று எல்லாம் பேன் பிடித்துச் சுருளும்போது, பறிப்புக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போது, நான் மருந்தடிப்பேன். அப்போது ஒரே ஒரு மருந்து, லேபிளில் போட்ட அளவு, பேன் பிடித்த இடத்துக்கு மட்டும். அடுத்த தடவை வேறு வகை. பெயர் வேறு வேறாக இருந்து உள்ளே ஒரே வகையாக இருப்பதை எங்களால் கண்டுபிடிக்க முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். மிளகாயிலும் முட்டைக்கோஸிலும் வரும் பச்சைப் பேன் உலகம் முழுக்க 70-க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்டிருக்கிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததால் வந்தது அது. பைமெட்ரோசின் மாதிரி, உறிஞ்சுகிற பூச்சியைப் பட்டினி போட்டுவிட்டுப் பொறிவண்டை அதிகம் தொடாத மருந்துகளும் இருக்கின்றன. எங்கள் பயிருக்கு அனுமதி உள்ளதா என்று லேபிளைப் பார்த்து, இருந்தால் அதை முன்னால் வையுங்கள். இமிடாகுளோபிரிட் வகையில் மூன்றைத் திறந்தவெளிப் பயிருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தேனீக்களுக்காகத் தடை செய்தது. இங்கே தடை இல்லை. ஆனாலும் பூத்து நிற்கிற பயற்றங்கொடிக்கு அதைக் கொடுக்காமல் இருக்க உங்களுக்குத் தடை உத்தரவு தேவையில்லை.

யூரியாவையும் கொஞ்சம் கவனியுங்கள். தழைச்சத்து மிஞ்சிய கொழுந்து பேனுக்கு விருந்து. ஒரே ஆள் ஒரே நாளில் யூரியா மூட்டையும் பேன் மருந்தும் வாங்கினால், எவ்வளவு போடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

என் அம்மா எஸ்டேட் தோட்டத்தில் மருந்தடித்தவர். வெளிக்காட்டு வேலை என்றால் எங்கள் லயத்துப் பெண்களுக்குப் பாதி நாள் அதுதான். பாராகுவாட் என்கிற களைக்கொல்லி. கையுறை கிடையாது, முகத்துக்கு ஒரு துண்டு. நகம் கறுத்து உரிந்து விழும். மூக்கில் ரத்தம் வரும். சாயங்காலம் வந்து என்னைத் தொடமாட்டார், முதலில் குழாயடிக்குப் போவார். அந்த மருந்தை 2002-இல் தடை செய்வதாகச் சொன்னார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அவர் தலைமுறைக்கு லேபிளைப் படித்துச் சொல்ல யாரும் இல்லை. வேலை வாங்குகிற மண்டோர் சொன்னதுதான் அளவு.

அதனால்தான் ஒரு பழக்கத்தை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன். சிறு விவசாயி ஒருவர் முழுப் பாட்டில் வாங்கக் காசில்லை என்று நின்றால், மினரல் வாட்டர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பது. இரக்கத்தில்தான் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் பாட்டிலில் லேபிள் இல்லை, காத்திருப்பு நாள் இல்லை, விஷம் என்ற சொல்கூட இல்லை. கொல்லைக் குடிசையில் அது தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும், பிள்ளைகள் வருகிற இடம். காசில்லாதவருக்கு அன்று சோப்புத் தண்ணீர் போடச் சொல்லிக் கொடுங்கள், அதில் ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

லேபிள் எழுத்து பொடிசு, மலாய்மொழி எங்களில் வயதானவர்களுக்கு ஓடாது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மருந்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டையைத் தமிழில் எழுதித் தொங்கவிடுங்கள். பயிர், 16 லிட்டர் பம்புக்கு எத்தனை மில்லி, பறிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத ஆள் இல்லை என்றால் நான் வந்து எழுதித் தருகிறேன். மகன் லேபிளைப் படிப்பான், நான் மார்க்கர் பேனாவோடு உட்கார்வேன்.

தீபாவளி கழித்து அடுத்த விதைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை கொல்லையில்தான் இருப்பேன். கடையில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் யாராவது வாருங்கள். பொறிவண்டுக் குஞ்சு, பூ ஈப் புழு, குளவி புகுந்து உப்பிய பேன், மூன்றையும் கையில் வைத்துக் காட்டுகிறேன். வேப்பங்கொட்டைப் பொடி ஆளுக்கு 800 கிராம் கட்டி வைக்கிறேன், ஒரு பம்புக்கு ஆகும். அன்றைக்கு எனக்கு மருந்து கொடுத்த தம்பியும் வந்தால் சந்தோஷப்படுவேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
சுங்கை பக்காப் பக்கத்தில் பயற்றங்காய் போடும் ஒருத்தி